அசுந்தா ஒளிச்ச சீஸ் தோலு

கடலுக்கு அந்தாண்ட, இத்தாலின்னு ஒரு சீமையில, ஒரே ஒரு ஊர்ல அசுந்தா அசுந்தான்னு ஒரு மாமியா இருந்தா. அவ ஞாயித்துக்கெழம வெக்கிற தக்காளிக் கறிக்கொழம்பு இருக்கே, அது ஏழு தலமொறயா மாமியா மருமவளுக்குச் சொல்லிக்குடுத்து வந்த கொழம்பு. விடியக்காலம் அடுப்புல ஏத்துனா, கோயில் பூசை முடிஞ்சு சனம் வர்ற வரைக்கும் 'பொளக்கு பொளக்கு'ன்னு கொதிக்கும். ரிப்பனாட்டம் அறுத்து வேகவெச்ச மாவு மேல அத ஊத்துனா... டேய், எச்சியத் தொடைடா!

அவ மகன் நீனோ, பியேரினான்னு தாயில்லாப் பிள்ளையக் கட்டிட்டு வந்தான். ஒரே ஒரு வாட்டி, யாராச்சும் தான் வெச்சதச் சாப்ட்டு 'நல்லாருக்கு'ன்னு சொல்லணும், அதான் அவளுக்கு ஆச.

"அத்த, கொழம்பு சொல்லிக்குடுங்க"ன்னா.

அசுந்தா மூக்க இப்பிடி, இந்தா இப்பிடித் தூக்கிக்கிட்டு, "வெங்காயத்த வதக்கு, கறியப் போடு, தக்காளிய ஊத்து, அவ்வளவுதான்"னா.

மொத வாரம் வெச்சா, சப்புன்னு இருந்துச்சு. "இன்னும் ஏதாச்சும் போடணுமா அத்த?" "அவ்வளவுதான்டி." ரெண்டாவது வாரமும் சப்பு. "வேற ஏதாச்சும் அத்த?" "அவ்வளவுதான்டி." மூணாவது வாரமும் கேட்டாளா, அசுந்தாவுக்கு வந்துச்சு கோவம். "என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுடி, நான் சொன்னதுக்கு மேல ஒரு துரும்பு போட மாட்டேன்னு!" அவளும் பண்ணிட்டா. இத்தாலியில தலையில அடிப்பாங்களான்னு என்னயக் கேக்காதீங்க, நான் என்ன போயா பாத்தேன்?

ஆனா அந்தக் கள்ளி ஒண்ண மறைச்சிட்டா. சீஸ் கட்டி தீந்தா கல்லாட்டம் ஒரு தோலு மிஞ்சும், மத்த வீட்டுல நாய்க்கு வீசுறது. அத இடுப்புத் துணியில ஒளிச்சு வெச்சு, விசேஷத்துக்குத் தான் சமைக்கிறப்ப மட்டும் கொழம்புக்குள்ள நழுவ விட்ருவா. ஊரே வழிச்சு நக்கும். மத்த நாள்ல பியேரினா வெச்சா நீனோ தட்டத் தள்ளிட்டு, "எங்கம்மா கை யாருக்கு வரும்?"பான். கெழவி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பா.

பத்து வருசம் இந்தப் பேச்சு. ஒரு விசேஷத்தன்னிக்கு பியேரினா சட்டி கழுவறப்ப, அடியில ஒரு தோலு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பாத்தா, மோந்தா, நக்குனா. நாய்க்குப் போட்டுட்டு உள்ள போயிட்டா.

அப்புறம் இன்னொரு பத்து வருசம். கெழவிக்குக் கை நடுங்கி அகப்பை பிடிக்க முடியல, படுக்கையில விழுந்தா. "எங்க மாமியா வெச்ச ருசியில ஒரு வாய் வேணும்டி"ன்னு கெஞ்சுனா. பியேரினா வெச்சுக் கொண்டாந்தா.

"சப்புன்னு இருக்குடி! சீஸ் தோலு போடணும், நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

"தெரியும் அத்த."

"தெரியுமா? எப்பருந்து?"

"பத்து வருசமா."

"அப்ப போட்டுத் தொலைக்க வேண்டியதுதானடி?"

"உங்க தலையில அடிச்சுல்ல சத்தியம் பண்ணிருக்கேன். மீறுனா உங்களுக்கு ஆகாது."

"நானே சொல்றேன், போடுடி!"

"வெங்காயம், கறி, தக்காளி. அவ்வளவுதான் அத்த. வாயத் தொறங்க."

பாவி மவ, கெழவி சீக்கிரம் சாவவும் இல்ல. இன்னும் ஒம்பது வருசம் அந்தச் சப்புக் கொழம்பையே தின்னா. பியேரினா தன் மருமவளுக்கும் அதையேதான் சொல்லிக்குடுத்தா. ஏழு தலமொற ருசி நாய் வயித்துக்குள்ள போச்சு. பியேரினா வெச்சதத் தின்னு 'நல்லாருக்கு'ன்னு ஒருத்தரும் சொல்லல. தோலக் கடிச்ச நாயி மட்டும் வால ஆட்டுச்சு.

மறைச்சவ வாயி சப்பாப் போச்சு, மருமவ மனசு கசப்பாப் போச்சு, கொழம்பும் வத்திப்போச்சு, கதையும் தீந்துபோச்சு.