பொக்கிஷக்காரர் உறைய வைத்த தயிர்

ரொம்பக் காலத்துக்கு முன்னே, கடலோரத்திலே கழிமுகநாடு என்று ஒரு ராஜ்யம். வீரகேது என்கிற ராஜா அதை ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். சோற்றிலே கட்டித்தயிர் விழாவிட்டால் அன்றைக்கு யார் பாடு திண்டாட்டமோ என்று அரண்மனையே நடுங்கும்.

அவருடைய மந்திரி சுந்தரவதனர் ஒருநாள் ஒரு யோசனை சொன்னார். பெரிய வியாபாரிக்கு முதல் கொடுக்க நாலு பேர் இருக்கிறார்கள், சின்னத் தொழில்காரனுக்கு யார் இருக்கிறார்கள்? பொக்கிஷத்திலிருந்து கடன் கொடுத்தால் அவர்களும் தழைப்பார்கள், நாடும் தழைக்கும் என்றார். ராஜா அந்த இடத்திலேயே உத்தரவு போட்டுவிட்டார். பொக்கிஷக்காரர் திருமேனிநாதருக்கோ வயிறு எரிந்தது. நல்ல பேரெல்லாம் மந்திரிக்கே போகிறதே! கொடுக்கிறேன், ஆனால் சட்டம் என்னுடையது என்று முனகிக்கொண்டார்.

முதலில் கடன் வாங்கியவள் கயிறு திரிக்கிற செங்கமலம். தெருப் பெண்களுக்கெல்லாம் வேலை கொடுக்கிறவள். அந்தப் பணத்தில் தேங்காய் மட்டை வாங்கி, கழிக்கரையில் குழி வெட்டி ஊறப்போட்டாள். மட்டை என்ன நெல்பொரியா, போட்டதும் பொரிய? மாதக்கணக்கில் சேற்றுத் தண்ணீரில் கிடந்தால்தான் நார் உரியும். திருமேனிநாதரின் ஆட்களோ அடுத்த மாதமே தவணைக்கு வந்து நின்றார்கள். பணம் இல்லை என்றதும், மட்டையாவது பத்திரமாக இருக்கிறதா பார்ப்போம் என்று குழியைக் கிளறி, எல்லாவற்றையும் வெயிலில் பரப்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாதாமாதம் இதே கூத்து. காய்ந்த மட்டை மறுபடி முதலிலிருந்து ஊற வேண்டும். எங்கேயிருந்து உருப்படும்?

கடைசியில் குழியையே பறிமுதல் செய்யவேண்டும் என்று திருமேனிநாதர் சபையில் நின்றார். வாங்கினால் கட்டத்தானே வேண்டும் என்று ராஜாவும் தலையாட்டினார். செங்கமலம் அவகாசம் கேட்டுக் கும்பிட்டாள். மந்திரிக்கு மனசு கேட்கவில்லை. தன் பேச்சை நம்பி வந்தவள் நடுத்தெருவில் நிற்பதா? எதிர்த்து வாதாடினால் ராஜா இன்னும் முறுக்கிக்கொள்வார் என்பதும் அவருக்குத் தெரியும்.

"அரசே, நாளை மாலை தீர்ப்புச் சொல்லுங்கள். நாளைக்கு மட்டும் தங்கள் தயிரைத் திருமேனிநாதர் கையால் உறைய வைக்கட்டும். பொக்கிஷத்தையே இப்படிக் காக்கிறவர், தயிரை எப்படிக் காப்பார்!" என்றார்.

திருமேனிநாதருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் மந்திரி ஒரு பானைப் பாலையும், ராணியம்மாளிடம் இரவல் வாங்கிய உறைமோரையும் கொண்டுவந்து கொடுத்தார். இந்த மோரும் கடன்தான், உங்கள் சட்டப்படியே தவணை தவணையாகத் திருப்பிவிடுங்கள் என்றார். விடுவாரா மனுஷர்? நாழிகைக்கு ஒருதரம் மூடியைத் திறந்தார். அகப்பையால் அடிவரை கலக்கிப் பார்த்தார். தவணைக்கு ஒரு கரண்டி மொண்டு அந்தப்புரத்துக்கு அனுப்பினார். ராணியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கி வைத்தாள்.

மாலையில் ராஜா சோற்றைப் பிசைந்துகொண்டு காத்திருந்தார். ஊற்றினால், தண்ணீர் தனியாகவும் திப்பி தனியாகவும் ஏதோ ஒன்று இலையைத் தாண்டி ஓடியது. ராஜாவின் மீசை துடித்தது.

திருமேனிநாதர் பதறி எழுந்தார். "அரசே, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். இனி மூடியைத் தொடவே மாட்டேன். சும்மா விட்டால் தானாக உறைந்துவிடும்."

"செங்கமலமும் அதைத்தான் கேட்கிறாள், அரசே," என்றார் மந்திரி.

ராஜா இலையைப் பார்த்தார், பொக்கிஷக்காரரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கயிறு விற்றுப் பணம் வந்த பிறகுதான் தவணை என்று சட்டத்தை மாற்றினார். மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். மட்டை ஊறி முடிகிறவரை திருமேனிநாதர் குழிக்கரையில் கையைக் கட்டிக்கொண்டு காவல் உட்கார வேண்டும் என்றார். ஊறல் குழி நாற்றம் ஊரையே தூக்கும். பாவம், மூக்கைப் பொத்தக்கூட வழியில்லை.

நார் உரிந்தது. செங்கமலத்தின் கயிற்றுக்குக் கப்பல்காரர்கள் போட்டி போட்டார்கள். கடனும் அடைந்தது. திருமேனிநாதர் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுப் பொக்கிஷத்துக்குத் திரும்பிய அன்று, வெற்றிலைக் கொடிக்கால் போட ஒருவர் முதல் கேட்டு வந்தார். எப்போது கட்டுவாய் என்று பொக்கிஷக்காரர் கேட்கவில்லை. மூக்கைத் தடவிக்கொண்டே, "உன் தொழில் ஊற எத்தனை மாதமாகும், அப்பா?" என்றார்.