நீலத் தோட்டில் ஒரு கறை

"இந்தத் தகரத்துக்கு என்ன திமிர் பாரு அம்மணி!"

தெய்வசிகாமணி ஆசாரி தோட்டை மேஜை மேல் விட்டெறிந்தார்.

நாற்பது வருஷம் தங்கம் தட்டிய கை. ஊரில் பாதிக் கழுத்துக்கு அவர்தான் செய்து போட்டிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர், மகள் வயசுள்ள ரெஜினாவிடம் டைட்டானியம் வேலை பழக வந்திருந்தார்.

வராமல் என்ன செய்வார்? மகள் மேகலாவுக்குத் தங்கம் ஆகாது. போட்ட மறுநாளே காது புண்ணாகிவிடும். டைட்டானியம் ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை கல்யாணம். ஆசாரி மகள் மூளிக் காதோடு மணையில் உட்காரலாமா?

டைட்டானியத்துக்குச் சாயம் வேண்டாம். சோடா உப்புக் கரைசலில் முக்கி, அளவாகக் கரண்ட் விட்டால் நிறம் தானே ஏறும். மேகலா கேட்டது மயில்கழுத்து நீலம்.

நீலம் ஏறியது. நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறையும் ஏறியது. நாலு ஜோடி செய்தார். நாலிலும் அதே கறை.

"உன் கரண்ட் சரியில்ல."

"காலையில இதே கரண்ட்லதான் நான் பத்து ஜோடி செஞ்சேன், ஐயா."

"அப்ப தகடு மட்டம்."

"அதே தகடுதாங்க."

"அப்ப உப்பு! என்னமோ ஒண்ணு சரியில்ல. பழியை என் தலையில கட்டாதே, சொல்லிட்டேன்!"

"நான் எங்கய்யா கட்டினேன்? இன்னொரு ஜோடி செய்யுங்க. பக்கத்துல நின்னு பாக்கறேன்."

அரம் போட்டார். தேய்த்தார். சோப்பில் கழுவித் துடைத்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை, அப்படி ஒரு கை. கம்பியில் மாட்டினார். முக்குவதற்கு முன்னால், கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். செல்லமாகத்தான். முக்கிக் கரண்ட் விட்டார்.

கறை.

ரெஜினா பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கறைக்குள் வரிவரியாக ரேகை.

ஆசாரி தோட்டைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"விரல்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்லங்க," என்றாள் ரெஜினா. "அந்த இடத்துல நிறம் மாறிடும்."

"அதுக்கு? இந்த விரல் படாம என் பட்டறையை விட்டு ஒரு குண்டுமணி வெளிய போனதில்ல! நாப்பது வருஷத்துல எந்தத் தங்கமாவது என்னைக் குத்தம் சொல்லியிருக்கா?"

"தங்கம் சொல்லல. உங்க மக காது சொல்லுச்சே."

"என்னது?"

"முதல் தடவை மேகலாவுக்குக் காது புண்ணானப்ப, அவகிட்ட என்னங்க சொன்னீங்க?"

ஆசாரி வாயைத் திறந்தார். கத்தத்தான் திறந்தார். கண் தோட்டின் மேல் போயிற்று.

கறைபட்ட தோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"என் தங்கம் சுத்தம், உன் காதுதான் மட்டம்னு சொன்னேன்," என்றார். "இருபது வருஷமாச் சொன்னேன்."