எழும்பூரில் கட்டிய வடம்

தார்ரோட்டில் எதையோ இழுத்துக்கொண்டு போகிற சத்தம்தான் முதலில் கேட்டது. எழும்பூர் ஸ்டேஷன் எதிரில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பட்டுவேட்டி கட்டிய ஒருவன் இடுப்பில் நார்வடத்தோடு நடந்தான். கூட ஒருவன் வடத்தைத் தோளில் தாங்கிப் போனான். மூன்றாமவன் ஸ்டேஷன் படியில் காலை ஊன்றி உட்கார்ந்து வடத்தை விட்டுக்கொண்டிருந்தான்.

மூவரும் வறட்டாம்பட்டிக் கிணறு வெட்டும் ஆட்கள். பட்டுவேட்டி, கன்னியப்பன். வயது முப்பத்தெட்டு. ஆறு இடத்தில் பெண் பார்த்து ஆறும் தட்டிப்போய், புரசைவாக்கத்தில் இது ஏழாவது. பெண்ணின் அப்பா சபாபதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பதினொரு மணிக்குள் வந்துவிட வேண்டும், பன்னிரண்டுக்கு வேறு மாப்பிள்ளை வருகிறார்.

வடம் தாங்கிய மொக்கையனின் மாமா ஊரில் எச்சரித்திருந்தார். பட்டணம் ஆளை முழுங்கிவிடும், இறங்கினவன் ஏறி வந்ததில்லை என்று. மாமா பட்டணம் பார்த்ததில்லை. அதனால் சந்தேகமே இல்லாமல் சொன்னார்.

ஆளை முழுங்குகிற பள்ளத்தில் எப்படி இறங்குவது என்று இவர்களுக்கா தெரியாது? இடுப்பில் வடம், மேலே ஓர் ஆள். கீழேயிருந்து மூன்று தடவை சுண்டினால் ஆபத்து, உடனே தூக்கிவிட வேண்டும். மேலாள், சடையாண்டி.

நூறடியில் வடம் தீர்ந்தது. கன்னியப்பன் நின்றுவிட்டான். மொக்கையன் திரும்பி ஓடி வந்து, ஆழம் நினைத்ததைவிட அதிகம் என்றான்.

டீக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுத் துணிக்கொடியை அவிழ்த்துக் கொடுத்தார். ஆட்டோக்காரர் வண்டி இழுக்கிற கயிற்றைத் தந்து முடிச்சும் போட்டார். பந்தல்காரர் ஒருவர் சைக்கிள் நிறையக் கயிற்றை இறக்கிவிட்டு, நல்லது நடக்கட்டும் என்று போனார். நாற்சந்தியில் போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார். ஒரு அம்மா, சாக்கடைக்கு அளக்கிறார்கள் என்று நினைத்து மோர் கொடுத்து, எங்கள் தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"பார்த்தியா மாப்ள, எவ்வளவு நைசா முழுங்குது" என்றான் மொக்கையன்.

கன்னியப்பன் தலையாட்டிவிட்டு மோரைக் குடித்தான்.

பத்தே முக்காலுக்குப் பெண் வீடு. வடம் கிடந்ததால் கதவு சாத்த முடியவில்லை. சபாபதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் பரிமளா காபி கொண்டுவந்தாள். கன்னியப்பனை நன்றாகவே பார்த்தாள்.

"பொண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார் சபாபதி.

கன்னியப்பனுக்கு வெட்கம் வந்துவிட்டது. குனிந்துகொண்டு இடுப்பு வடத்தைச் சுண்டினான். ஒன்று. இரண்டு. மூன்று.

எழும்பூரில் சடையாண்டி எழுந்தான்.

"பிடிச்சி" என்பது வரை வீட்டுக்குள் கேட்டது. மீதி தெருவில் கேட்டது.

ஒருவன் இழுக்கிற பாரமா அது? ஆபத்து என்றதும் டீக்கடைக்காரர் கைகொடுத்தார், ஆட்டோக்காரர் கொடுத்தார், பஸ்ஸிலிருந்து பதினெட்டுப் பேர் இறங்கி வந்து பிடித்தார்கள். கன்னியப்பன் பாதி தூரம் ஓடியும் பாதி தூரம் சறுக்கியும் படிக்கு வந்து சேர்ந்தான், கையில் டம்ளரோடு. பின்னாலேயே மொக்கையனும் மூச்சிரைக்க வந்தான்.

"உசுரு இருக்கா?" என்றான் சடையாண்டி.

"இருக்கு. காபியும் பாதி இருக்கு."

சற்று நேரத்தில் ஆட்டோவில் பரிமளா வந்து இறங்கினாள். "பாதி சொல்லிட்டு ஓடி வந்துட்டீங்களே. பிடிச்சிருக்கா, இல்லையா?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப அப்பாகிட்ட வந்து சொல்லுங்க. பன்னண்டுக்கு அவங்க வந்துடுவாங்க."

மூவரும் யோசித்தார்கள். ஆபத்தில் தூக்கின ஆள் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது, அடுத்த ஆள்தான் இறங்க வேண்டும் என்று சடையாண்டி தொழில்முறையை விளக்கினான்.

"எனக்குக் கல்யாணமாகி மூணு புள்ளைங்க இருக்கே" என்றான் மொக்கையன்.

"நல்லதாப் போச்சு. உனக்கு வெட்கம் வராது."

பரிமளா, தானே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

"வடமில்லாமலா?" சடையாண்டி பதறிப்போனான்.

"நான் பொறந்ததே இங்கதாங்க."

"இத்தனை வருசம் எப்படியோ தப்பிச்சிட்டே தாயி. இன்னைக்கும் தப்பிப்பேன்னு என்ன நிச்சயம்?"

பரிமளா ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தாள். கன்னியப்பனைப் பார்த்தாள். மொக்கையன் இடுப்பில் வடத்தைக் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார்கள். சடையாண்டி வடத்தைத் தோளில் தாங்கிக் கூடப் போக, மேலாள் வேலை கன்னியப்பனுக்கு வந்தது.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கன்னியப்பனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். வடத்தைக் கையில் எடுத்தாள்.

"இவ்ளோ இறுக்கினா உள்ளங்கை தேஞ்சிடும். கொஞ்சம் தளர்த்தி விடுங்க."

கன்னியப்பன் தளர்த்தினான். இருவருமாக வடத்தை முழம் முழமாகப் புரசைவாக்கத்துக்கு இறக்கினார்கள்.