நாற்பத்தொரு கடிதமும் ஒரு தேங்காயும்

குருவைத் தேடிப் போகிற சீடர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். ஒருவருக்கு வாழ்க்கை கசந்திருக்கும், இன்னொருவருக்கு உறக்கம் வராது. தமிழ்த்துறைப் பேராசிரியர் இளம்வழுதி ஒரு 'ச்' காரணமாகப் போனார்.

கல்லூரி முதல்வர் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். நிலவியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மே மாதத்தில் தொடங்கி ஆறு வாரம் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் 'கோடைப் பயிற்ச்சி' பெற வேண்டும் என்றிருந்தது அதில். ஆசிரியர் கூட்டத்தில் இளம்வழுதி எழுந்தார். 'ற்' என்ற மெய்க்குப் பக்கத்தில் இன்னொரு மெய் நிற்காது, ஆகவே அந்த 'ச்'சை எடுத்துவிட வேண்டும் என்றார். உதாரணங்களும் கொடுத்தார்.

முதல்வர் பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவு அக்கறை இருக்கறவங்க வேற யாரு இருக்காங்க? நீங்களே அந்தப் பொறுப்பை எடுத்துக்கங்க ஐயா."

மொத்தம் நான்கு மாணவர்கள். ஏப்ரல் முப்பதுக்குள் நான்கு பேருக்கும் இடம் பிடித்துப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் நான்கு பேருக்கும் ஒரு வருடம் போய்விடும்.

இளம்வழுதி உட்கார்ந்து எழுதினார். சுரங்கம், சிமெண்டு ஆலை, அரசு அலுவலகம், ஆய்வுக்கூடம் என்று நாற்பத்தொரு இடங்கள். 'எம் மாணவர்கள் நிலத்தின் அடியில் மறைந்திருப்பதை அறியும் ஆற்றல் பெற்றவர்கள்' என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி இருந்தது. அந்த வரியில் அவருக்கே கொஞ்சம் கர்வம். முதல்வர் நாற்பத்தொன்றிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். 'ஜியாலஜி' என்று எழுத மட்டும் இளம்வழுதிக்குக் கை வரவில்லை. 'நிலவியல்' என்றே எழுதினார்.

பதில் மூன்று வந்தது.

ஒன்று, வீட்டுமனை விற்பவரிடமிருந்து. கடிதம் எப்படியோ கைமாறி அவரிடம் போயிருக்கிறது. நிலம் பற்றிப் படித்த பிள்ளைகள் தமக்கு மிகவும் தேவை, சொந்தமாக இருசக்கர வாகனம் இருக்க வேண்டும் என்றார். இன்னொன்று ஒரு சோதிட மாத இதழிலிருந்து. அவர்கள் 'நிலவியல்' என்ற சொல்லை நிலம், இயல் என்று பிரிக்காமல் நிலவு, இயல் என்று பிரித்திருந்தார்கள். பௌர்ணமிச் சிறப்பிதழுக்கு மாணவர்களின் ஒத்துழைப்பை வரவேற்றார்கள். இலக்கணப்படி அப்படிப் பிரிப்பதும் பிழையில்லை என்பதுதான் இளம்வழுதியை இரண்டு நாள் வாட்டியது. மூன்றாவது ஒரு சுரங்க நிறுவனம். முன் அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுபவம் தருவதாக எழுதியிருந்தது.

ஏப்ரல் இருபத்தாறு ஆகிவிட்டது. அன்று காலை இளம்வழுதி நிலவியல் துறைத் தலைவர் சூசையம்மாளின் அறைக்குப் போனார்.

சூசையம்மாள் அதிகம் பேச மாட்டார். மாணவர்கள் அவரைக் கல்லம்மா என்பார்கள், அவர் காதில் விழாதபடி. மேசையில் காகிதத்தைவிடக் கற்கள் அதிகம். பாறை உடைக்கிற சுத்தியலால் அவர் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாற்பத்தொரு கதவுகளைத் தட்டினேன். ஒன்றும் திறக்கவில்லை. என்ன பிழை செய்தேன்?"

"தட்டிட்டு என்ன பண்ணுனீங்க?"

"காத்திருந்தேன்."

"எங்க?"

"என் நாற்காலியில்."

சூசையம்மாள் நான்கு கடலையை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க. தண்ணி பாக்கறாங்க."

விடுதிக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் சிறு கூட்டம். நடுவில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், விரித்த உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மெல்ல நடந்தார். பெயர் பொங்கியண்ணன். சுற்றுவட்டாரத்தில் யார் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் இடம் குறிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்குமாம். அவருக்குப் பின்னால், செருப்பைக் கழற்றிவிட்டு, முதல்வர்.

இளம்வழுதிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது சிவந்தது.

"அம்மா, இந்தக் கல்லூரியில் ஒரு நிலவியல் துறை இருக்கிறது."

"இருக்குது."

"அதை நாடு முழுவதும் எழுதித் தெரிவித்து, முதல்வர்தானே பச்சை மையில் கையெழுத்திட்டார்? உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"கேட்டாரே. நல்ல தேங்காய் எந்தக் கடையில கெடைக்கும்னு கேட்டார்."

"நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையா?"

"கடையைச் சொன்னேன். பேசாம இருங்க, தேங்காய் எந்திரிக்குது."

எழுந்துதான் நின்றது. பொங்கியண்ணன் கண்ணை மூடி இரண்டு நொடி நின்றார். "நானூத்தம்பது அடிக்குள்ள ரெண்டு ஊத்துங்க" என்றார். முதல்வர் சூடம் கொளுத்தினார். யாரோ ஒரு குச்சியை நட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் சூசையம்மாள் பொங்கியண்ணனிடம் போனார்.

"அண்ணா, மே மாசம் எத்தனை எடத்துல பாப்பீங்க?"

"கோடைதானுங்களே நமக்கு சீசனு. முப்பத்தஞ்சு, நாப்பது வருமுங்க."

"எம் பிள்ளைங்க நாலு பேரைக் கூட அனுப்பட்டுமா? ஆறு வாரம்."

பொங்கியண்ணன் தேங்காயைத் துண்டில் சுற்றினார். பேராசிரியர்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்குங்க? எம் பொழப்பைக் கெடுக்கறதுக்குங்களா?"

"இல்லீங்க. போர் போடறப்ப பத்தடிக்கு ஒருக்கா வெளிய வர்ற தூளை ஒரு பிடி எடுத்துக்குவாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"மண்ணுதானுங்களே, எடுத்துக்கட்டும். ஆனா தேங்காயைப் பத்தி ஒரு கேள்வி கேக்கப்படாது."

"கேக்க மாட்டாங்க."

திரும்பும் வழியில் இளம்வழுதி நடப்பதை நிறுத்திவிட்டார்.

"அறிவியல் படிக்கிற பிள்ளைகளைத் தேங்காயிடம் பயிற்சிக்கு அனுப்புவதா? என் கையால் நான் பதிய மாட்டேன். நிறுவனத்தின் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவேன்?"

சூசையம்மாள் பொங்கியண்ணனின் முகவரி அட்டையை நீட்டினார். 'கொங்கு நிலத்தடி நீர் ஆராய்ச்சி நிலையம்' என்று அச்சடித்திருந்தது.

இளம்வழுதி அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார். 'ஆராய்ச்சி' என்பதில் 'ச்' இருந்தது. 'ய்' என்ற மெய்க்குப் பக்கத்தில் இன்னொரு மெய் நிற்கலாம். நிற்கத்தான் வேண்டும். ஐந்து சொற்களில் ஒரு பிழை இல்லை. இலக்கணம் அவரைக் கைவிட்ட முதல் நாள் அது.

நான்கு பேரில் வாய் உள்ளவள் கௌசிகா. பயிற்சிப் பட்டியலைப் பார்த்ததும் தமிழ்த்துறைக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, எங்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க எல்லாம் ஐதராபாத் போறாங்க. நாங்க தேங்காய்க்குப் பின்னாடி போறதுங்களா? ஸ்டேட்டஸ்ல என்னன்னு போடறது?"

இளம்வழுதி அட்டையைக் காட்டினார்.

"ஸ்பெல்லிங் கரெக்டா இருக்குதுங்கய்யா" என்றாள் அவள், இன்னும் சோகமாக. பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கம் அந்தப் பெயரை ஒரு நொடியில் ஏற்றுக்கொண்டது.

மே இரண்டு. முதல் குழி கல்லூரியிலேயே. போர் வண்டி காலையிலேயே வந்து நின்றது. பொங்கியண்ணன் குச்சி நட்ட இடத்தை ஒருமுறை காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"ஐயா, நீங்க நிக்கலீங்களா?" என்றாள் கௌசிகா.

"நான் எதுக்கு கண்ணு? குறிக்கறது எம்பட வேலை. ஓட்டை போடறது வண்டிக்காரன் வேலை. தண்ணி வர்றது அவனவன் தலையெழுத்து."

"இதுவரைக்கும் ஒரு குழியக் கூட நின்னு பாத்ததில்லீங்களா?"

அவர் யோசித்தார். இந்தக் கேள்வி தேங்காயைப் பற்றியது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் என்றுதான் உட்கார்ந்தார்.

தூள் புகையாகக் கிளம்பியது. பத்தடிக்கு ஒரு பிடி. கௌசிகா ஒவ்வொன்றையும் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேல் ஆழத்தை எழுதி, வரிசையாக வைத்தாள். முதலில் செம்மண், பிறகு மஞ்சளாகக் கப்பிச் சரளை, பிறகு கருங்கல். நூற்றெண்பதாவது அடியில் தூள் கொஞ்சம் ஈரமாக வந்தது. அதற்குக் கீழே மறுபடி உலர்ந்த தூள். நானூற்றைம்பது அடி தாண்டியும் புகைதான் வந்தது.

"எழுநூறு வரைக்கும் போங்க" என்றார் முதல்வர்.

"சார், இருநூத்திப் பத்துல இருந்து ஒரே கல்லுதான் சார். பாருங்க." கௌசிகா வரிசையைக் காட்டினாள்.

முதல்வர் வரிசையைப் பார்க்கவில்லை. பொங்கியண்ணன் பார்த்தார். வேட்டியைத் தொடைக்கு மேல் ஏற்றிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பையாகத் தொட்டுக்கொண்டே போனார். நூற்றெண்பதில் கை நின்றது. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார்.

"நாப்பது வருசமாக் குறிக்கறன் கண்ணு. உள்ள இருக்கறது இன்னைக்குத்தான் கையில வருது."

எழுநூறு அடியிலும் புகைதான். முதல்வர் கேன் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு போனார்.

ஆறு வாரம் முடிந்தது. ஜூலையில் வெளியூரிலிருந்து, அரசு நிலத்தடி நீர்த் துறையில் வேலை பார்க்கிற ஒரு தேர்வாளர் வந்தார். கேள்வி கேட்கிற அறைக்கு வெளியே இளம்வழுதி நின்றுகொண்டிருந்தார். தேர்வாளர் வேண்டாம் என்று ஒரு கோடு கிழித்தால், நான்கு பேர் இழக்கிற நான்கு வருடங்களுக்கும் தாமே பொறுப்பு என்று அவருக்குத் தெரியும். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்ன முறையில நீர் கண்டுபிடிப்பார்?"

"தேங்காய் முறை, சார்" என்றாள் கௌசிகா.

இளம்வழுதி கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"எல்லாரும் போனதுக்கப்புறம் நாங்க நின்னோம், சார்."

சணல் சாக்கை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு பைகளை மேசையில் அடுக்குகிற சத்தம். அது வெகுநேரம் கேட்டது. முப்பத்தெட்டுக் குழிகள். கடைசியில் தேர்வாளரின் குரல் மாறியிருந்தது.

"இந்த வட்டாரத்துக்கு இவ்வளவு குழியோட விவரம் எங்ககிட்டயே இல்லையம்மா. ஒரு பிரதி கொடுப்பீங்களா?"

நான்கு பேரும் தேறினார்கள்.

இளம்வழுதி நேராகச் சூசையம்மாளின் அறைக்குப் போனார். கையில் மாணவர்களின் அறிக்கை. அதில் எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். மேசையில் கற்களுக்கு நடுவே ஒரு பழைய தேங்காய் இருந்தது.

"பொங்கியண்ணன் கொண்டுவந்து குடுத்தாரு" என்றார் சூசையம்மாள்.

"அம்மா, அறிக்கையைப் படித்தேன். முப்பத்தெட்டில் தேங்காய் சொன்னது பலித்தது பத்தொன்பது. சரிபாதி. பூவா தலையா போட்டாலும் இதுதான் வந்திருக்கும். தேங்காய் வெறும் பொய் என்று இதிலேயே தெரிந்துவிட்டதே?"

"உங்க கடிதம், ஐயா? நாப்பத்தொண்ணுல எத்தனை பலிச்சுது?"

இளம்வழுதி மனை விற்பவரை நினைத்தார். பௌர்ணமிச் சிறப்பிதழை நினைத்தார்.

சூசையம்மாள் சுத்தியலை எடுத்தார். தேங்காய் ஒரே அடியில் இரண்டானது. ஒரு கீற்றைப் பெயர்த்து அவரிடம் நீட்டினார்.

"அவரு புதுசா ஒரு தேங்காய் வாங்கிட்டாரு. ஆனா இப்பல்லாம் குறிச்சுட்டுக் கெளம்பறதில்லை. சாப்பிடுங்க."

இளம்வழுதி வாயில் போட்டுக்கொண்டார். நன்றாக முற்றிய தேங்காய். மென்றுகொண்டே இருந்தார்.