சுவருக்கு வெளியே ஒரு குரல்

மழை ஓயாத ஒரு மலைக்காட்டில், உயர்ந்த மரப்பொந்து ஒன்றில் ஓர் இருவாச்சிப் பறவை அடைந்து கிடந்தது.

இருவாச்சிகளின் வழக்கம் தெரியுமா, குழந்தைகளே? முட்டையிடும் காலத்தில் தாய்ப்பறவை பொந்துக்குள் போய், மண்ணாலும் எச்சத்தாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே அதன் சிறகிறகுகள் உதிர்ந்துவிடும். மறுபடி முளைக்கும்வரை பறக்க முடியாது. ஆண்பறவைதான் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டும்.

இந்த ஆண்பறவை அதிகம் பேசாது. வரும், பழம் தரும், போய்விடும். மற்ற நேரமெல்லாம் இருட்டு. குஞ்சு பொரித்த பிறகும் தாய்க்குப் பேச்சுத்துணை இல்லை. வெளியே ஓர் இலை அசைந்தாலும் யாரோ வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் உச்சிவேளையில் மரத்தில் நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது.

"உள்ளே யார் கூவியது? என்ன இனிமையான குரல்!"

இருவாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் குரலைக் காடே கேலி செய்யும்.

"நீங்கள் யார்?"

"மரநாய். அண்ணன் என்றே கூப்பிடு, தங்கச்சி."

அன்றிலிருந்து மரநாய் தினமும் வந்தது. எந்த மரம் பூத்தது, குரங்குகளுக்குள் என்ன சண்டை என்று எல்லாக் கதையும் சொல்லும். கிளம்பும்போது, "உன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையே! வாசலைக் கொஞ்சம் பெரிதாக்கேன்" என்று கெஞ்சும். இருவாச்சியும் கொஞ்சம் மண்ணைக் கொத்தி உதிர்க்கும். கீறல் அகலமாகிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் விடியலில் பெருங்காற்று. உச்சிவேளை ஆகியும் ஆண்பறவை வரவில்லை. மரநாய் வந்தது.

"உன் வீட்டுக்காரரா? இப்போதுதான் பார்த்தேன். ஆற்றங்கரை அத்திமரத்தில் வேறொருத்தியோடு கொஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுவரை உடைத்துவிட்டு வா, போய்க் கேட்போம்."

இருவாச்சி ஆத்திரத்தோடு கொத்தியது. ஒரு பெரிய கட்டி பெயர்ந்து விழுந்தது. அப்போது குஞ்சு பசியில் கத்தியது.

"அண்ணா, அத்திமரத்திலிருந்துதானே வருகிறீர்கள்? பிள்ளைக்கு ஒரே ஒரு பழம் கொண்டு வாருங்கள். பிறகு உடைக்கிறேன்."

"பழமா? முதலில் நீ உடை."

"பிள்ளை அழுகிறதே, அண்ணா..."

"உடை என்கிறேன்!"

இருவாச்சி அந்தக் குரலை அதற்குமுன் கேட்டதில்லை. அடுத்த நொடி, மயிரடர்ந்த ஒரு கை ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து, குஞ்சைத் தேடித் துழாவியது.

இருவாச்சி பலம் முழுவதையும் சேர்த்து ஒரே கொத்தாகக் கொத்தியது.

"ஐயோ! கரகரத் தொண்டைக்காரி! குஞ்சு மட்டும் இல்லையென்றால் உன் கத்தலை யார் உட்கார்ந்து கேட்பது?" என்று அலறியபடி மரநாய் சறுக்கி இறங்கி ஓடியது.

அதன் நகம் இருவாச்சிமேல் படவே இல்லை. ஆனாலும் வலித்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஆண்பறவை நனைந்து வந்து சேர்ந்தது. வாலில் ஓர் இறகைக் காணோம். பழங்களை ஒவ்வொன்றாக ஊட்டியது. சுவரைப் பார்த்தது, ஒன்றும் கேட்காமல் அலகில் ஈரமண் கொண்டுவந்து கொடுத்தது. தாய் உள்ளிருந்து பூசியது.

"ஏதாவது பேசுங்களேன்" என்றது தாய்.

"என்ன பேச?" ஆண்பறவை அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டது. "ஆற்றங்கரை அத்தி விடியற்காற்றில் விழுந்துவிட்டது. பழத்துக்கு மலையைத் தாண்டிப் போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம்... வந்துவிட்டேன்."

மறுநாள் உச்சிவேளையில் யாரும் வரவில்லை. பழக்கத்தில் இருவாச்சி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டது. பிறகு மிச்சமிருந்த பழத்தை நசுக்கிக் குஞ்சுக்கு ஊட்டத் தொடங்கியது.

நீதி: தனிமையில் ஒருவர் இனிக்க இனிக்கப் பேசினால், பேச்சை மட்டும் கேட்காதே, எதைத் திறக்கச் சொல்கிறார் என்றும் பார்.