ஷெரினின் மிளகாய் விதை

“ஷெரினுக்கு மட்டும் எப்படி மேடம் எல்லாம் அமையுது?”

நாச்சியார் கேட்டேவிட்டாள்.

பேராசிரியர் ஜமீலா நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

முனைவர் பட்டத்துக்கு அவளும் ஷெரினும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். நாச்சியாரின் சோதனை எதுவும் தேறவில்லை. ஷெரினோ, கடற்பாசிச் சாற்றில் ஊறிய மிளகாய் விதை தண்ணீரில் ஊறியதைவிட அதிகம் முளைக்கிறது என்று காட்டிவிட்டாள். சாறு ஒன்றுமே செய்யாமலிருந்தால் இப்படியொரு வித்தியாசம் வர நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்றது புள்ளியியல். கருத்தரங்கில் கை தட்டினார்கள். நாச்சியாரும் தட்டினாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“அவ முடிவுல ஏதோ தப்பு இருக்கு மேடம். இவ்வளவு சுத்தமா வராது.”

ஜமீலா எழுந்துபோய் ஒரு பை விதையும் சாற்றுப் புட்டியும் கொண்டுவந்து வைத்தார்.

“செஞ்சு பாரு.”

தன் சோதனைக்குக்கூட நாச்சியார் அப்படி உழைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். வந்ததும் விதை முளைக்கப் போட்ட தட்டுகளின் மூடியைத் திறந்து பார்ப்பாள். என்ன செய்கிறாய் என்று ஷெரின் கேட்டபோது, சும்மா என்றாள். விவரம் அறியாத ஷெரின், அவள் இல்லாத நேரத்தில் அந்தத் தட்டுகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளித்துவைத்தாள். அதுவும் நாச்சியாருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு காலையில் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு ஜமீலாவின் அறைக்கு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

“பாருங்க மேடம். சாத்துல ஊறினதும் தண்ணியில ஊறினதும் ஒண்ணு போலத்தான் முளைச்சிருக்கு. கணக்கும் போட்டுட்டேன். வித்தியாசமே இல்ல.”

ஜமீலா தட்டைப் பார்த்தார். நன்றாகச் செய்திருப்பதாகச் சொன்னார். மிச்ச விதையைக் கொடு, ஷெரினுக்கு வேண்டும் என்றார்.

“தீர்ந்துபோச்சு மேடம்.”

“இந்த ஒரு தட்டுக்கா?”

நாச்சியார் தட்டை மேசைமேல் வைத்தாள்.

“இன்னும் சில தட்டு போட்டேன். அதெல்லாம் சரியா வரல.”

“சரியா வரலன்னா?”

நாச்சியார் சொல்ல வாயெடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஷெரின் யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்டது.

“ஷெரின் சொன்ன மாதிரியே முளைச்சிருச்சு, மேடம்.”