இரை அன்று

கோரைக்குளத்துத் தாமரைக் கொடிகளின் நடுவே கருங்கண்ணி என்னும் தாய் விரால் வாழ்ந்துவந்தது. அதன் சினத்தை அறியாத உயிர் அந்தக் குளத்தில் இல்லை. நிழல் விழுந்தால் பாயும். குமிழி எழுந்தால் சீறும். தண்ணீர் குடிக்க வந்த எருமையின் மூக்கை ஒருமுறை கடித்துவிட்டு, "இனிமேல் கேட்டுவிட்டுக் குனி" என்று சொன்ன விரால் அது.

அந்தச் சினத்துக்குக் காரணம் இருந்தது. சென்ற மழைக்காலத்தில்தான் கருங்கண்ணி முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது. விராலின் குஞ்சுகளைப் பார்ப்புகள் என்பார்கள். செந்நிறப் பார்ப்புகள், குங்குமத்தை நீரில் கரைத்தாற்போல ஒரே திரளாகத் தாயின் தலைக்குமேல் மிதந்தன. ஒரு நாள் நீர்ப்பாம்பு ஒன்று அந்தப் பக்கம் தலையை நீட்டிற்று. கருங்கண்ணி அதனை மடைவரை துரத்திச் சென்றது. வாலைக் கவ்வி உதறிவிட்டுத் திரும்பியது. தாமரை இலைகளின் கீழே வெறுந்தண்ணீர்தான் இருந்தது. பார்ப்புகளைத் தின்றது எது என்று சொல்ல எந்த உயிரும் முன்வரவில்லை.

அந்த நாளைக் கருங்கண்ணி 'அன்று' என்றே குறிப்பிடும். அச்சொல்லைக் கேட்டாலே போதும், அதன் முதுகுத்துடுப்பு நிமிர்ந்துவிடும். ஆகையால் மற்ற மீன்கள் அதன் எதிரில் அந்தச் சொல்லையே வழங்குவதில்லை. 'முன்பொரு சமயம்' என்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, வந்த வழியே நழுவிவிடும்.

இந்த ஆண்டு மீண்டும் பார்ப்புகள் பொரிந்தன. கருங்கண்ணி அவற்றைவிட்டு இம்மியும் அகலவில்லை. இரை தேடவும் போகவில்லை. வயிறு ஒட்டிப்போயிற்று, சினம் மட்டும் கொழுத்தது.

கரையோரச் சேற்றில் கூர்வாயன் என்னும் கொக்கு நின்றுகொண்டிருந்தது. பார்ப்புகளின்மேல் அதற்குத் தீராத ஆசை. ஆயினும் கிட்டே வந்த ஒரு நாளில் கருங்கண்ணி அதன் கால்விரல் ஒன்றைக் கடித்து எடுத்திருந்தது. அதிலிருந்து கொக்கு வாய்ப்பேச்சால் மட்டுமே நெருங்கும்.

"நாச்சியார் இன்றைக்கும் பட்டினியா?" என்றது கொக்கு.

"உன் விரல் ஒன்றைத் தின்றேனே, அது இன்னும் செரிக்கவில்லை. அடுத்ததை நீட்டு" என்றது விரால்.

கொக்கு ஓரடி பின்வாங்கிக்கொண்டு, தன் இறகைக் கோதுவதுபோல் பாவனை செய்தது.

அன்றைய வெயில் ஏறும் வேளையில் எதிர்க்கரைக்கு ஒரு மனிதன் வந்தான். கையில் நீண்ட தூண்டிற்கோல். கோலின் அடியில் தூண்டில் நரம்பைச் சுற்றும் கைப்பிடி. நரம்பின் நுனியில் புளியங்கொட்டை அளவில் ஓர் ஈயக் குண்டு. அதன் பின்னே வேப்பிலை வடிவில் ஒரு பித்தளைத் தகடு. இழுத்தால் அது கிறுகிறுவென்று சுழலும், மின்னும். தகட்டின் பின்னே மூன்று முனையுள்ள முள். வெறும் மினுமினுப்பைக் கண்டு ஏமாறுகிற காலம் மீன்களுக்குப் போய்விட்டது என்பது அந்த மனிதனுக்குத் தெரியும். மினுக்குகிற பொருளுக்கு உயிர் இல்லை. அதனால் ஓர் உயிரைப் பிடித்து அதில் குத்தினான். விடியற்காலையில் வலையில் அகப்பட்ட கெண்டைக் குஞ்சு ஒன்று, முதுகில் முள் ஏறிய நிலையில் துடித்துக்கொண்டிருந்தது.

கோலை வீசினான். ஈயத்தின் கனம் எல்லாவற்றையும் ஆழத்துக்கு இழுத்துச் சென்றது. கைப்பிடியைச் சுற்றினான். தகடு சுழன்றது.

தகட்டின் இரைச்சலுக்குப் பின்னாலிருந்து கெண்டை கத்தியது. வலி அதற்குப் பொறுக்கக்கூடியதாக இல்லை. தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கத்தியிருக்கலாம், அப்படிக் கத்தவில்லை. தான் தப்ப முடியாது என்பதை அது அறிந்திருந்தது. மற்ற மீன்களாவது தப்பட்டும் என்று, ஓர் இழுப்புக்கும் மறு இழுப்புக்கும் இடையே கிடைத்த மூச்சில் மூன்றே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொன்னது.

"இது இரை அன்று."

தாமரைக் கொடிகளின் நடுவே கருங்கண்ணி துடுப்பை விறைத்தது. ஏதோ ஒன்று மின்னிக்கொண்டு தன் எல்லைக்குள் வருகிறது. வருவதோடு நில்லாமல் முழங்கவும் செய்கிறது. சொற்கள் மட்டும் தெளிவாக விழவில்லை.

"அந்த மினுக்கி என்ன உளறுகிறது?" என்று விரால் கேட்டது.

கொக்குக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. அதன் பொருளும் தெரிந்தது. கரையில் நின்ற மனிதனையும் அது பார்த்தது. விராலின் தலைக்குமேல் திரண்டிருந்த செந்நிறப் பார்ப்புகளையும் பார்த்தது.

"நான் ஏன் வாய் திறக்க வேண்டும், நாச்சியாரே? அது சொன்னதை நான் சொல்வேன். நீங்கள் என் விரலைக் கடிப்பீர்கள். எனக்கு எதற்கு இந்த வம்பு?"

"சொல்லடா!"

"சொன்னதைச் சொன்னபடியே சொல்கிறேன். 'இது இரை' என்றது." கொக்கு அந்த இடத்தில் நிறுத்தியது. கழுத்தை நீட்டிப் பார்ப்புகளை ஒருமுறை பார்த்தது. பிறகு மெல்ல, "'அன்று' என்றது. அவ்வளவுதான் என் காதில் விழுந்தது" என்று முடித்தது.

கொக்கு ஒரு சொல்லைக் கூட்டவில்லை. ஒரு சொல்லைக் குறைக்கவும் இல்லை. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது. அந்த அயோக்கியத்தனம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

'அன்று' என்னும் சொல்லுக்கு 'அந்த நாள்' என்பது ஒரு பொருள். ஒன்றைக் குறித்து 'இல்லை' என்று மறுப்பது மற்றொரு பொருள். பலவாயின் 'இவை இரை அல்ல' என்போம். ஒன்றாயின் 'இது இரை அன்று' என்பதே முறை. கோரைக்குளத்து மீன்கள் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் 'அல்ல' என்றே பேசிப் பேசி, இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டன. முதுகில் முள்ளேறிய நிலையிலும் கெண்டைக் குஞ்சு பிழையின்றிப் பேசியது. அதனைப் பிழையின்றிக் கேட்கத்தான் அங்கே ஒரு செவி இல்லை.

கருங்கண்ணி கொக்கை நம்பிவிடவில்லை. தானே கேட்டுத் தெளியலாம் என்று காதைத் தீட்டியது. மனிதன் கைப்பிடியைச் சுண்டி இழுத்த வேளை அது. கெண்டையின் மூச்சு நடுவில் அறுந்தது.

"இது இரை… அன்று."

கொக்கு சொன்னபடியேதான் இருந்தது! இந்தப் பார்ப்புகள் தனக்கு இரை என்கிறது அந்த மினுக்கி. அன்று தின்றதையும் வாய்கூசாமல் சொல்லிக்காட்டுகிறது. இதற்குமேல் எதையும் கேட்கக் கருங்கண்ணிக்குப் பொறுமை இல்லை. ஒரு நொடி தாமதித்திருந்தால், மினுக்கியின் பின்னே துடித்த கெண்டையைக் கண்டிருக்கும். அந்த ஒரு நொடியையும் சினம் விழுங்கிவிட்டது.

"அன்று என் பிள்ளைகளைத் தின்றது நீதானா?" என்று பாய்ந்து, தகட்டையும் கெண்டையையும் சேர்த்துக் கவ்வியது. முள் மேலுதட்டைத் துளைத்து வெளியே வந்தது.

கோல் வளைந்தது. நரம்பு விண்ணென்று விறைத்தது. தகடு சுழல்வது நின்றதால் இரைச்சலும் நின்றது. அப்போதுதான் வாய்க்குள்ளிருந்து ஒரு சிறு குரல் தெளிவாகக் கேட்டது.

"பெரியம்மா, இரை அன்று என்று அத்தனை முறை சொன்னேனே."

கருங்கண்ணி திகைத்தது. "இரை அன்று என்றா சொன்னாய்?"

"வேறு எப்படிச் சொல்வது, பெரியம்மா? இது இரை இல்லை. முள்."

கெண்டை அதன்பிறகு பேசவில்லை. விராலின் பற்கள் அதன் உயிரைக் குடித்துவிட்டன.

இதற்குள் கூர்வாயன் தாமரைக் கொடிகளுக்கு நடுவே இறங்கி நின்றது. தாயைக் காணாத பார்ப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுழன்றன. கொக்கு குனிந்து ஒரு வாய் அள்ளியது. விழுங்கிவிட்டு நிமிர்ந்தது. இனி யாருக்கு அஞ்ச வேண்டும் என்ற தெம்பில் அதன் நாக்கும் நீண்டது.

"அன்றும் இதே கதைதான், நாச்சியாரே. நீங்கள் பாம்பைத் துரத்திக்கொண்டு மடைப்பக்கம் போனீர்கள். நான் ஆற அமரச் சாப்பிட்டேன்."

கருங்கண்ணியின் உடம்பெல்லாம் எரிந்தது. இதுவரை அது நிழலின்மேலும் குமிழியின்மேலும் எருமையின்மேலும் செலவழித்த சினம் அனைத்தும் வீண் என்பது அப்போது விளங்கிற்று. சினம் காட்ட வேண்டிய பகை இத்தனை நாளும் கைக்கெட்டும் தூரத்தில் ஒற்றைக்காலில் நின்று நலம் விசாரித்திருக்கிறது. விரால் எதிர்க்கரையின் இழுப்பை எதிர்த்துப் போராடுவதை விட்டது. முள்ளோடும் நரம்போடும் திரும்பிக் கொக்கை நோக்கி விரைந்தது. அதன் கால்களைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. மறுபடியும் ஒரு வட்டம் அடித்தது.

மனிதன் தன் பலமெல்லாம் கூட்டி இழுத்தான். நரம்பு கொக்கின் கால்களை இறுக்கியது. கருங்கண்ணி எதிர்ப்பக்கம் தலையை உதறியது. கெண்டை முள்ளிலிருந்து கழன்று சேற்றில் விழுந்தது, உதடு கிழிந்து முள் வெளியேறியது. வெளியேறிய வேகத்தில் கொக்கின் தொடையில் போய்ப் பாய்ந்தது. கூர்வாயன் அலறிக்கொண்டு மேலே எழும்பிற்று. நரம்பு நடுவில் அறுந்தது. கரையில் நின்றவன் வெறுங்கோலைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தான்.

அந்தப் பித்தளைத் தகடு கொக்கின் தொடையைவிட்டு நீங்கவே இல்லை. கொக்கு எந்தக் குளத்தில் இறங்கினாலும் அது முன்னால் மின்னும், காற்றடித்தால் கிறுகிறுக்கும். மீன்கள் கூட்டமாகக் கலைந்துவிடும். பிறர் சொல்லைத் திரித்துப் பிழைக்க எண்ணிய கொக்கு, தன் வருகையைத் தானே பறையறைந்துகொண்டு பட்டினியாகத் திரிந்தது.

கருங்கண்ணி, கிழிந்த உதட்டோடு எஞ்சிய பார்ப்புகளைத் திரட்டியது. திரள் சிறுத்துப்போயிருந்தது. கெண்டைக் குஞ்சு தாமரைக் கிழங்கின் அருகே சேற்றில் கிடந்தது. மணம் பிடித்துக்கொண்டு ஒரு நண்டு வந்தது. பல நாள் பட்டினி கிடந்த விராலே அதனைத் தொடாமல் காவல் நிற்பதைக் கண்டு நண்டு வியந்தது. "உனக்கு வேண்டாமென்றால் எனக்குக் கொடேன்" என்று கேட்டது.

கருங்கண்ணி சீறவில்லை. நிறுத்தாமல், ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகச் சொன்னது.

"இது இரை அன்று."

நண்டு பொருள் தவறாமல் புரிந்துகொண்டு திரும்பிப் போயிற்று.

சினம் கொண்டவரின் செவியில் எச்சரிக்கையும் வசையாகவே விழுமாதலால், சொல்லை முழுதும் கேட்டறியுமுன் பாய்பவர் பகைவரின் முள்ளைத் தம் வாயாலேயே கவ்வுவர்.